கட்டக்கோரையிலிருந்து நரம்பு செல்லுக்கு ஒரு ஜெல்

மண்டபம் பக்கம் கட்டக்கோரை என்றால் சர்காசம், பக்கோடா பாசி என்றால் டர்பினேரியா. இரண்டும் பழுப்புக் கடற்பாசி. இரண்டிலும் ஆல்ஜினேட் உண்டு: நீண்ட சங்கிலியான சர்க்கரைப் பொருள், கால்சியம் பட்டால் ஜெல்லாக இறுகும். அந்த ஜெல்லின் மேல் நரம்பு செல்லை வளர்ப்பதுதான் நோக்கம். ஆல்ஜினேட்டை எடுப்பது சுலபம். நரம்பு செல் பிழைக்கிற அளவுக்குச் சுத்தமாக எடுப்பதுதான் பாடு.

பாதி வேலை சரக்கு வாங்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடும். கரை ஒதுங்கிக் கிடந்த பாசி வேண்டாம். அழுகத் தொடங்கினால் பாக்டீரியா ஆல்ஜினேட் சங்கிலியை நறுக்கிவிடும், எண்டோடாக்சினும் (பாக்டீரியா நச்சு) கூடவே வந்து சேரும். தார்ப்பாயில் காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மணலில் காய்ந்தது அலசி மாளாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே எடுத்த சரக்கைத் தொடவே கூடாது.

நிறம் போக ஃபார்மலினில் ஊறவைப்பது வழக்கம். மிச்சம் தங்கினால் செல் செத்துவிடும் என்பதால் நாங்கள் 80 சதவீத எத்தனாலுக்கு மாறினோம்: 100 கிராம் பொடிக்கு மூன்று நான்கு கழுவல், பழுப்பு மங்கும் வரை. பிறகு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம். இதை நன்றாக அலசாமல் அடுத்த படிக்குப் போனால் பாத்திரம் நுரைத்துப் பொங்கும். அடுத்து 2 லிட்டர் 2 சதவீத சோடியம் கார்பனேட்டில், 60 டிகிரியில், 2 மணி நேரம் கிளறல். சூட்டைக் கூட்டினால் சங்கிலி அறும். கிடைக்கும் கூழ் துணியில் இறங்காது. பிழியாதீர்கள், இரண்டு மடங்கு தண்ணீர் விடுங்கள். வடித்ததை எத்தனாலில் ஊற்றினால் நூல் நூலாகத் திரளும். திரள் பழுப்பாக இருந்தால் பாலிபீனால் (பாசியின் பழுப்புச் சேர்மம்) இன்னும் போகவில்லை: கரைத்து, கரித்தூள் போட்டு, மறுபடி திரட்ட வேண்டும்.

கிருமி நீக்க ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) வேண்டாம், அதுவும் சங்கிலியை உடைக்கும். 1 சதவீதக் கரைசலாக்கி 0.45, பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டி.

கால்சியம் குளோரைடை ஊற்றினால் மேலே தோல் கட்டும், உள்ளே நீராகவே இருக்கும். அதனால் 10 மில்லி கரைசலில் 15 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டைக் கலக்கி, 53 மில்லிகிராம் குளுக்கோனோ டெல்டா லாக்டோனை அப்போதே கரைத்துக் கடைசியில் சேர்க்கிறோம். அது மெல்ல அமிலமாகி உள்ளிருந்தே கால்சியத்தை விடுவிக்கும். ஒன்றுக்கு இரண்டு என்ற மோல் விகிதம் மாறாவிட்டால் அமிலம் மிஞ்சாது. மூளைத் திசு மிக மெத்து. ஜெல் இறுகினால் நரம்பிழை (செல்லிலிருந்து நீளும் இழை) குட்டையாக நின்றுவிடும். அப்போது இரண்டையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள்.

வெறும் ஆல்ஜினேட்டில் செல் ஒட்டாது. மேலே பாலிலைசின், அதன்மேல் லாமினின் பூச வேண்டும்.

சோதனைக்கு பிசி12 செல் (எலிக் கட்டியிலிருந்து வந்தது, நரம்பு செல் போல மாறக்கூடியது), மில்லிக்கு 50 நானோகிராம் நரம்பு வளர்ச்சிக் காரணி. இங்கேதான் பலரும் சறுக்குவது: செல் நன்றாக இருக்கும், அடியில் ஜெல் கரைந்துகொண்டிருக்கும். குற்றவாளி ஊடகம், அதாவது செல்லை வளர்க்கும் திரவம். பிசி12-க்கு வழக்கமான ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில் கால்சியம் 0.42 மில்லிமோலார்தான், பாஸ்பேட்டோ 5 மில்லிமோலாருக்கு மேல்; ஜெல்லிலுள்ள கால்சியத்தை அது உருவிக்கொள்ளும். டிஎம்இஎம் என்ற இன்னொரு ஊடகத்தில் கால்சியம் 1.8 மில்லிமோலார். செல்லை அதற்கு முன்கூட்டியே பழக்கிவிட்டு ஜெல்லில் விடுங்கள். செல்லைப் பெயர்க்கும் டிரிப்சினில் இடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) இருந்தால் அதன் சொட்டுகூட ஜெல் பக்கம் போகக்கூடாது.