துல்சாவில் பார்த்த நம்புக்கள்

டல்லாஸிலிருந்து துல்சாவுக்குக் காரில் நாலரை மணி நேரம். விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். அங்கே வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் வானன்மேக்கர் ஆயுதக் கண்காட்சி 11 ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. நான் தேடிப் போனது ஒன்றைத்தான்: ஜப்பான் ராணுவத்தின் நம்பு கைத்துப்பாக்கிகள்.

இரண்டு மணி நேரம் நடந்தபின் பச்சைத் துணி விரித்த ஒரு மேசை. பின்னால் எண்பதை நெருங்கும் பெரியவர். குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு, 14-ஆம் ஆண்டு மாடல் (தைஷோ பேரரசர் ஆட்சியின் 14-ஆம் ஆண்டு, அதாவது 1925) ஒன்றை என் கையில் வைத்தார். கறுத்த உடம்பு, வைக்கோல் நிற ட்ரிக்கர், பின்முனையில் உருண்டைக் குமிழ். வலப்பக்கம் ஹிரோஹிட்டோ பேரரசரின் ஆட்சிக்காலத்தைக் குறிக்கும் ‘ஷோவா’ முத்திரை, அருகே 13.8: 13-ஆம் ஆண்டு, 8-ஆம் மாதம். முதல் எண்ணோடு 1925-ஐக் கூட்டினால் பிறந்த வருடம் வந்துவிடும்: 1938 ஆகஸ்ட்! பக்கத்திலிருந்த 1944-ஆம் வருடத்துத் துப்பாக்கியின் ட்ரிக்கர் வளையம் பெரிது. மஞ்சூரியக் குளிரில் கையுறையோடு சுட வேண்டுமே, அதற்காக 1939 வாக்கில் அகலமாக்கினார்கள்.

கிஜிரோ நம்பு 1902-இல் வடிவமைத்த முதல் வகைக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் ‘தாத்தா’. அடுத்தது ‘அப்பா’. 7 மி.மீ. குண்டு போடும் சின்னது ‘பாப்பா’. தாத்தா ஏறக்குறைய 2,400, பாப்பா 6,500 அளவில்தான் செய்யப்பட்டன. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிய பாப்பாவை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிறது, ஒரு கைக்கடிகாரத்துக்குரிய நேர்த்தி!

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அந்த 13.8 தான். குண்டுகளை அடுக்கிச் செருகும் மேகசினின் அடியில் துப்பாக்கி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் அப்படியே இருந்தன. போர்க்களத்தில் மேகசின்கள் கைமாறிக் கலந்துபோகும். இப்படி ஜோடி பிரியாமல் கிடைப்பது அபூர்வம். அப்புறம் தோல் உறையின் சின்னப் பையில் குண்டின் பின்புறத்தைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஒன்று, உதிரியாக. உடையக்கூடியது என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார்கள்.

சரணடைந்த ஜப்பானின் ஆயுதங்கள் மலைமலையாக அழிக்கப்பட்டன. தப்பியவற்றில் பல, வீரர்கள் ஊருக்கு எடுத்துவந்த நினைவுப் பொருட்கள். இதுவும் பெரியவரின் அப்பா கொண்டுவந்ததுதான். மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மெல்லப் பிரித்தார். மடிப்புகளில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. துப்பாக்கியிலிருந்து நான் ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கப் படிக்க, அவர் விரல் சீட்டில் அதே எண்ணின் மேல் நகர்ந்தது.