மைக்ரோ சிடியில் பல்: ஆய்வு தொடங்குகிறவர்களுக்கு

முதுகலை ஆய்வுக்கு மைக்ரோ சிடியை (எக்ஸ்ரேயால் மிக நுணுக்கமான முப்பரிமாணப் படம் தரும் ஸ்கேன்) தேர்ந்தெடுத்தபோது, மென்பொருள் கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் அதிலேயே போனது. கடைசியில் காலை வாரியது மென்பொருள் இல்லை, ஈரம்.

பிடுங்கிய கடைவாய்ப்பல் ஒன்றின் வேர்க்கால்வாயைக் கருவியால் அகலப்படுத்தி, துடைத்து, அப்படியே ஸ்கேனரில் நிறுத்தினேன். ஒன்றரை மணி நேர ஸ்கேன். டென்டினில் (பல்லின் பெரும்பகுதியான கெட்டித் திசு) முடி போல ஒரு கோடு. கருவியால் வந்த விரிசல் என்று குறித்துக்கொண்டு கைடிடம் ஓடினேன். "கருவி போடும் முன்பு எடுத்த ஸ்கேன் எங்கே?" என்றார். எடுக்கவே இல்லை. சரி என்று, கருவியே படாத ஒரு பல்லைக் காயவிட்டு எடுத்தேன். அதிலும் கோடு! டென்டின் காய்ந்தால் சுருங்கும், விரிசல் விடும். அப்புறம் ஒவ்வொரு பல்லையும் அடியில் ஈரப் பஞ்சு வைத்த மூடிய குழாயில், அசையாதபடி பொருத்தித்தான் எடுத்தேன். முன்னும் பின்னும் ஸ்கேன், தவறாமல். (1896 ஜனவரியில் ஜெர்மன் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தன் பற்களை எக்ஸ்ரே படமெடுக்க 25 நிமிடம் அசையாமல் இருந்தார். அதை நினைத்தால் நம் பாடு பரவாயில்லை.)

10 மைக்ரான் வாக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனசதுரப் புள்ளி) என்றால் 10 மைக்ரான் விரிசலும் தெரியும் என்று எழுதிவிடாதீர்கள். ஒன்றைப் பிரித்தறிய இரண்டு மூன்று வாக்சலாவது வேண்டும். டென்டின் நுண்குழாய்களின் விட்டம் 1 முதல் 3 மைக்ரான்தான். அவற்றைப் பார்க்க பிரான்சின் கிரெனோபிளில் உள்ளது போன்ற சின்க்ரோட்ரான் (மிகச் சக்திவாய்ந்த எக்ஸ்ரே தரும் பெரிய முடுக்கி) தேவைப்படும். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் கூடுதல் வேர்க்கால்வாய்தான் உங்கள் தலைப்பு என்றால் மைக்ரோ சிடியே தாராளம்.

எனாமலில் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. ஆற்றல் குறைந்த கதிர்களை அது வடிகட்டிவிடுவதால், படத்தில் ஓரம் பளிச்சென்றும் உள்ளே மங்கலாகவும் தெரியும். அதைத் தாது இழப்பு என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. அந்தக் கதிர்களை முன்பே தடுக்க அலுமினிய ஃபில்டர் போடுங்கள். ஒப்பிடுவதற்காக, அடர்த்தி தெரிந்த ஹைட்ராக்சிஅபடைட் (பல்லில் உள்ள தாது) மாதிரியையும் அதே அமைப்பில் ஸ்கேன் செய்யுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "இந்த த்ரெஷோல்ட் எண்ணை யார் முடிவு செய்தது?" படத்தில் எது பல், எது வெற்றிடம் என்று பிரிக்கும் சாம்பல் நிற அளவு அது. கண்ணால் பார்த்து முடிவு செய்தது நான்தான். ஆனால் பத்துப் பற்களின் படங்களை இரண்டு வாரம் கழித்து மறுபடி பிரித்து, வித்தியாசத்தை அட்டவணையாகப் பின்னிணைப்பில் போட்டிருந்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.