கிளெமாட்டிஸ் கொடியில் கத்திரி வைக்கும் முன்

குளிர் விலகி, கணுக்களில் துளிர் எட்டிப் பார்க்கும் நேரம். கிளெமாட்டிஸ் என்ற பூங்கொடியை வளர்ப்பவர்கள் கத்திரியை எடுக்கும் முன் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: கொடி எப்போது பூக்கும்?

கோடையின் பிற்பகுதியில் பூக்கும் ஜாக்மனி, விட்டிசெல்லா வகைகள் அந்த வருடம் விடும் புதுத் தண்டில்தான் பூக்கும். தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. விட்டு மொத்தத்தையும் வெட்டிவிடலாம். மனசு கேட்காதுதான். ஆனால் விட்டுவைத்தால் அடியில் வெறும் குச்சி, பூவெல்லாம் எட்டாத உயரத்தில்.

மொண்டானா, அல்பினா நேர் எதிர். போன வருடத் தண்டில் பூப்பவை. இப்போது வெட்டினால் இந்த வருடப் பூ போச்சு. பூத்து முடியட்டும், அப்புறம் பார்க்கலாம். நெல்லி மோசர் போன்ற பெரிய பூ வகைகளுக்கு நுனியிலிருந்து கீழே வந்து, முதலில் தென்படும் தடித்த துளிர் ஜோடிக்கு மேல் ஒரு வெட்டு போதும்.

தண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். பட்டை நார்நாராக உரிந்து, காய்ந்த வைக்கோல் மாதிரி இருக்கும். கணுவை உற்றுப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு துளிர் தடித்திருந்தால் உயிர் இருக்கிறது. இலைக்காம்புகளே கம்பியைச் சுற்றிப் பிடித்திருக்கும், அதனால் வெட்டிய கொடியை இழுக்காதீர்கள். துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். புதுத் தளிர் அவ்வளவு மென்மை, விரல் பட்டாலே ஒடியும்.

என்ன வகை என்றே தெரியவில்லையா? சரி, இந்த வருடம் காய்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு, எந்த மாதம் பூக்கிறது என்று குறித்து வையுங்கள்.