தாமிரபரணியின் தென்கரையில் கல்லிடைக்குறிச்சி

அம்பாசமுத்திரத்திலிருந்து தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து தெற்கே வந்தால் கல்லிடைக்குறிச்சி. என் ஆச்சி வாழ்ந்த ஊர் என்பதால் பள்ளி விடுமுறைகளெல்லாம் எனக்கு அங்கேதான் கழிந்தன. ஆயினும் ஊரின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது, கோயிலிலிருந்து களவு போயிருந்த நடராசர் 2019-ஆம் ஆண்டு ஊர் திரும்பிய பிறகுதான்.

இவ்வூரின் செழிப்புக்கு ஆற்றைப் போலவே கன்னடியன் கால்வாயும் காரணம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் ஒன்றான கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரியும் இக்கால்வாய், சேரன்மகாதேவி வழியாகக் கிழக்கே சென்று 12,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களுக்குப் பாய்கிறது. நோயுற்ற சேர மன்னன் ஒருவன் தன் நோயை ஒரு பொற்பாவையில் இறக்கி வைத்துத் தானமாகக் கொடுக்க முன்வந்தபோது, யாரும் வாங்கத் துணியாத அதனைக் கன்னட நாட்டு பிரம்மச்சாரி ஒருவர் ஏற்று, அந்தப் பொன்னைக் கொண்டே ஒரு பசு நடந்து போன வழியில் கால்வாயை வெட்டினார் என்பது ஊரில் வழங்கும் கதை. கல்வெட்டுச் சான்று கேட்பவர்களுக்கு இது போதாதுதான். என்றாலும், பெயர் கூடத் தெரியாத ஒரு வெளியூர்க்காரரை அவர் வெட்டிய வாய்க்காலின் பெயரிலேயே நினைவில் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நெல் கொடுத்த வளம் வட்டித் தொழிலாக மாறியது. இவ்வூர் அக்கிரகாரத்துக் குடும்பங்கள் பல, மலைக்கு மேற்கே கேரளத்தில் கடை வைத்துப் பணம் கொடுத்து வாங்கின. அங்கே ஈட்டியதில் ஒரு பகுதி கோயில்களுக்கும் சங்கீதத்துக்கும் வந்து சேர்ந்தது. முத்துசாமி தீட்சிதர் ஆபோகி ராகத்தில் பாடிய ‘ஸ்ரீ லக்ஷ்மீ வராஹம்’ இவ்வூர் ஆதிவராகப் பெருமாளைப் பற்றியதே. அவருடைய கீர்த்தனைகள் பல 1904-இல் சுப்பராம தீட்சிதரின் நூலில் தெலுங்கு எழுத்தில் அச்சாகியிருந்தன; பின்னர் அவற்றைத் தமிழ் எழுத்தில் சுரப்படுத்திப் பல தொகுதிகளாக அச்சிட்டவரும் கல்லிடைக்குறிச்சி சுந்தரமய்யர்தான்.

ஊருக்கு வெளியே பலருக்கும் கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். ஆச்சியின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் உளுந்து மாவுடன் உப்பும் பெருங்காயமும் அப்பளக்காரமும் பிரண்டைச் சாறும் சேர்த்துப் பிசைந்து, நல்லெண்ணெய் தொட்டு உலக்கையால் இடிப்பார்கள். மாவு இளகியதும் நீளமாக உருட்டி, நூலின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு மறுமுனையைக் கையால் இழுத்து, ஒரே அளவான வில்லைகளாக அறுப்பார்கள். இட்ட அப்பளங்களைப் பாயில் பரப்பிவிட்டு வெயிலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் ஓரம் சுருண்டுவிடும். “ஆத்துத் தண்ணி ருசி இது, வேற ஊர்ல வராது” என்று ஆச்சி அடித்துச் சொல்வாள்.

குலசேகரமுடையார் கோயிலில் 1982-ஆம் ஆண்டு ஜூலையில் பூட்டை உடைத்து நடராசர், சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர், ஸ்ரீபலி நாயகர் ஆகிய நான்கு செப்புத் திருமேனிகளைத் திருடிச் சென்றனர். கண்டுபிடிக்க இயலவில்லை என்று இரண்டே ஆண்டுகளில் வழக்கு முடிக்கப்பட்டது. இரண்டரை அடி உயரமுள்ள அந்த நடராசர், கை மாறிக் கை மாறி, 2001-இல் அடிலெய்டில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்துக்கு விலையாகிப் போனார். அவரை அடையாளம் காட்டியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958-இல் இக்கோயிலில் எடுத்து வைத்திருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். திருட்டுக்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே யாரோ பொறுமையாக வந்து படமெடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று குறித்துப் பாதுகாத்திருக்கிறார்கள். அந்தப் படம் இல்லையென்றால் இது எங்கள் சாமி என்று ஊரார் எத்தனை முறை சொல்லியும் பயன் இருந்திருக்காது.

2019 செப்டம்பரில் அவர் திரும்பி வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. முப்பத்தேழு ஆண்டுகள். ஆச்சி அதற்கு முன்பே போய்விட்டாள். அவரோடு களவு போன மற்ற மூவரும் அன்று அவருடன் வரவில்லை. திருவாதிரைக்கு நடராசருக்குப் பக்கத்தில் நின்ற சிவகாமி அம்மனை ஆச்சி எனக்குச் சொல்லித்தான் தெரியும். என் கண்ணால் பார்த்ததில்லை.