கீழ்த்தட்டு

நவம்பர் 19, 2024

அம்மாவுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். ஆளுக்கு ஒரு பக்கம். எனக்கு ‘மகளின் பார்வையில்’. பார்வையாம்!

நவம்பர் 20

முதல் கட்டுரை வந்துவிட்டது. வேலூர் பாகாயத்தில் அம்மாவோடு பயிற்சி எடுத்தவர் எழுதியிருக்கிறார். ஃப்ளோரன்ஸ் நிக்கோல்ஸ் 1957-இல் தொடங்கிய மனநல மையம் அது. நோயாளியோடு வீட்டு மனுஷர் ஒருவரும் கூடவே தங்க வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். அம்மா அதை அப்படியே கடலூருக்குக் கொண்டுவந்தாளாம். முன் அறையில் மூன்று நாற்காலி: ஒன்று அம்மாவுக்கு, ஒன்று வந்தவருக்கு, மூன்றாவது கூட வந்த மாமியாருக்கோ புருஷனுக்கோ.

மூன்றாவது எனக்கு என்று ஏழு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பையோடு போய் உட்காருவேன். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், கதவைப் பார்ப்பாள். நான் எழுந்துவிடுவேன்.

நவம்பர் 22

நாலு கட்டுரை வந்தாயிற்று. நாலிலும் அதே சொல். ‘நடுவில் பேசவே மாட்டார், மெல்ல “ம்... அப்புறம்?” என்பார், அதிலேயே பாதி பாரம் இறங்கிவிடும்.’

பத்தாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் 31. ஆட்டோவில் வரும்போதே அழுகை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு 28, அவளுக்கு விளக்குமாற்றால் விழுந்தது, தெருவே கேட்டது. நான் போய் 31 என்றேன். “ம். அப்புறம்?” அப்புறம் என்ன அப்புறம்? இரண்டு அடி போட்டிருந்தால் சோறு சாப்பிட்டிருப்பேன்.

டாக்டர் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸை இழுத்து ஒரு பத்தி எழுதியிருக்கிறார். வந்தவரைத் திருத்தப் போகாமல் முழுசாக ஏற்பதே சிகிச்சை, அம்மா அந்த வழி என்று. ரோஜர்ஸின் மகள் நாட்டாலியும் அதே தொழிலுக்குத்தான் போனார். நான் இன்சூரன்ஸுக்குப் போனேன்.

நவம்பர் 23

தூக்கமில்லை.

நவம்பர் 25

சமூகப் பணியாளர் அக்கா கையெழுத்தில் ஆறு பக்கம் அனுப்பியிருக்கிறார். வந்ததில் இதுதான் உருப்படி.

2005 ஜனவரி, தேவனாம்பட்டினம். சுனாமி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வெளியூர் ஆட்கள் படிவத்தோடு வந்து “எப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அம்மா ஒரு முறம் மல்லாட்டையோடு போய்ப் பெண்கள் நடுவில் உட்கார்ந்தாளாம். மூன்று நாள் உரித்ததுதான் வேலை. நாலாம் நாள் ஒருத்தி வாயைத் திறந்தாள். போன பிள்ளையைப் பற்றி இல்லை, கம்மலை அடகு வைத்த ரசீதைக் கடல் கொண்டுபோனதைப் பற்றி. ஒரு மணி நேரம் ரசீது, ரசீது. அம்மா பிள்ளை பேச்சையே எடுக்கவில்லை.

அப்புறம் அந்த 21 கேள்வி. மனச்சோர்வை அளக்க ஆரோன் பெக் 1961-இல் வெளியிட்டது. அதைக் கடலூர்ப் பேச்சுக்குக் கொண்டுவர அம்மாவும் இவரும் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் கேள்வியிலேயே சிக்கல். “சோகமா? அது சினிமாவுல வர்றது மேடம்” என்றாளாம் ஒரு நெல்லிக்குப்பத்து அம்மாள். ‘மனசு பாரமா இருக்கு’, ‘எதுலயும் பிடிப்பு இல்ல’ என்று மாற்றினார்கள். 21-ஆவது கேள்வி படுக்கையறை சமாச்சாரம். அது வரும்போது அம்மா எழுந்துபோய் ஃபேனை ஐந்தில் வைப்பாளாம், வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று. “உங்க அம்மாவும் நானும் அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு” என்று எழுதியிருக்கிறார்.

அம்மா சிரித்தாளா?

2021 நவம்பரில் பெக் இறந்தபோது செல்லில் அவர் படத்தைக் காட்டினாள். போ டை கட்டிய கிழவர். “நூறு வயசு” என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கு நான் ஏன் “அப்புறம்?” என்று கேட்கவில்லை?

நவம்பர் 27

நோட்டுகள்.

முன் அறை மர அலமாரியின் கீழ்த்தட்டில் 43 நோட்டு. அட்டையில் ஆள் பெயர் கிடையாது, மரத்தின் பெயர். முருங்கை, புங்கை, கொய்யா, கிளுவை.

ஸ்கேன் பண்ணி வை, பொக்கிஷம் என்கிறான் தம்பி, டொராண்டோவிலிருந்து. டாக்டரிடம் கேட்டேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே ரகசியம் காக்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது, அதை நீ திறந்துகூடப் பார்க்காதே என்றார். சித்தி, எடைக்குப் போடு என்கிறாள். மங்கலம்பேட்டை முறுக்கை நம்ம ஊர் முருங்கை நோட்டில் கட்டித் தருவான், பரவாயில்லையா என்றேன். கோபித்துக்கொண்டாள்.

கொளுத்திவிடலாம்தான். ஆனால் கடைசியில் ஒரு ஒல்லி நோட்டு இருக்கிறது. பவழமல்லி. அது எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்பது.

நவம்பர் 29

காரியம் முடிந்தது. சாமியானாவைக் காற்று தூக்கியது. முகம் தெரியாத பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள், யாரென்று ஒருத்தியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூட்டத்தில் முருங்கை எது, கிளுவை எது என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. அசிங்கம். புயலுக்கு ஃபெஞ்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாயங்காலமே குண்டு உப்பலவாடி வீட்டைப் பூட்டிக்கொண்டு புதுச்சேரி முத்தியால்பேட்டை வந்துவிட்டேன். நோட்டை மேல்தட்டுக்கு மாற்றத் தோன்றவில்லை.

நவம்பர் 30

காற்று.

டிசம்பர் 1

ஒரே நாளில் 46 செ.மீ. என்கிறது செய்தி. கிருஷ்ணா நகரில் ராணுவம் படகில் ஆட்களை ஏற்றுகிறது. எங்கள் தெருவில் முழங்கால். ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றினோம்.

கீழ்த்தட்டுக்கும் தரைக்கும் ஒரு சாண் இருக்குமா?

டிசம்பர் 2

சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை கொள்ளாமல் வருகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் மொட்டை மாடியிலிருந்து போட்டோ அனுப்பினார்: நம் வீட்டு வாசலில் இரண்டாவது படி தெரியவில்லை. மொத்தமே மூன்று படி.

டிசம்பர் 3

கடலூருக்குப் பஸ் இல்லை.

அம்மாவின் செல் என்னிடம் இருக்கிறது. மத்தியானம் அடித்தது. “மேடம், வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு மேடம், அன்னைக்கு மாதிரியே நெஞ்சு அடைக்குது.” சேதி தெரியாதவள். சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். “ம்” என்றுதான் வந்தது. பேசிக்கொண்டே போனாள். மாடியில் இருக்கிறாளாம், ஆடும் கூடவே நிற்கிறதாம். பதினொரு நிமிஷம். சார்ஜ் தீர்ந்து கட் ஆகிவிட்டது.

ஏமாற்றியதுதானே இது? டாக்டரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 5

போய்ச் சேர்ந்தேன். சுவரில் முழங்காலுக்குக் கீழே சேற்றுக் கோடு. மூன்றாவது நாற்காலி அடுப்படி வரை மிதந்து போயிருக்கிறது. நோட்டு 43-உம் ஊறிவிட்டது. அம்மா இங்க் பேனாவில் எழுதியதெல்லாம் வெறும் நீலம். பால்பாயிண்ட்டில் எழுதியவை மட்டும் அப்படியே நிற்கின்றன. முருங்கையில் ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. சட்டென்று மூடினேன். இங்கே எழுத மாட்டேன்.

அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 6

மலர்க்காரர் என் பக்கத்தைக் கேட்கிறார். சேற்றை அள்ளிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அதையே எழுதுங்களேன் என்கிறார். ஆளைப் பார்!

டிசம்பர் 8

பவழமல்லி தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்தால் கிழியும். டேபிள் ஃபேனுக்கு எதிரே நிறுத்திவைத்தேன். மேல் ஓரம் மட்டும் காய்ந்து விரிகிறது. இங்க்கா பால்பாயிண்ட்டா, இன்னும் தெரியவில்லை.

கரண்ட் போய்விட்டது.