இரவில் உட்காரும் எஸ்-கிளாஸ்: ஏர் சஸ்பென்ஷன் கோளாறைத் தேடும் முறை

பழைய மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களிடம், மாலையில் நிறுத்திய உயரத்திலேயே மறுநாள் காலையிலும் அந்த வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்வது என் வழக்கம். எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்தாலும், விடிந்ததும் முன்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் வண்டியைத் தள்ளிவிட நினைப்பதற்கு அதன் உரிமையாளருக்கு வேறு காரணமே வேண்டியதில்லை. 1998 முதல் 2005 வரை தயாரான டபிள்யூ220 வகையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். மெர்சிடிஸுக்குக் காற்றுத் தாங்கல், அதாவது இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் வண்டியின் எடையைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், புதிதல்ல. 1961-இல் வந்த 300 எஸ்இ காரிலேயே அது இருந்தது. ஆனால் ஏர்மேட்டிக் என்ற பெயரில், கணினிக் கட்டுப்பாட்டுடன் நான்கு சக்கரங்களையும் காற்றின் மேல் நிறுத்திய அமைப்பு முதலில் வந்தது டபிள்யூ220-இல்தான். அந்த வரிசையின் கடைசி வண்டிக்குக்கூட இன்று ஏறத்தாழ 20 வயதாகிவிட்டது. இத்தனை ஆண்டுகள் மடிந்தும் விரிந்தும் உழைத்த ரப்பர் வெடிப்பதைத் தயாரிப்பின் குறை என்று சொல்வது நியாயமாகாது.

தேடத் தொடங்கும் முன் காற்று போய்வரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன் பம்பரின் வலப்பக்க மூலையில், சக்கரத்துக்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் லைனருக்குப் பின்னே, மின்சாரத்தில் ஓடும் சிறிய கம்ப்ரஸர் இருக்கிறது. அது உறிஞ்சும் காற்று, அதன் உடலோடு சேர்ந்தே இருக்கும் உலர்த்தியில் ஈரத்தை இழந்து, ஒவ்வொரு மூலைக்கும் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வுகளின் தொகுப்பான வால்வ் பிளாக்கை அடைகிறது. அங்கிருந்து மெல்லிய நைலான் குழாய்கள் நான்கு ஸ்ட்ரட்டுகளுக்கும் பிரிந்து செல்கின்றன. ஒவ்வொரு ஸ்ட்ரட்டிலும் ரப்பர் காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் ஒரே உடலில் அமைந்திருக்கும். உயரத்தைக் கண்காணிக்க முன்பக்கம் இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றும், பின்னச்சு முழுவதற்கும் ஒன்றே ஒன்றுமாக மூன்று சென்சார்கள் உள்ளன. வண்டியை இறக்கும்போது ஸ்ட்ரட்டிலிருக்கும் காற்று வந்த வழியே திரும்பி, வால்வ் பிளாக்கையும் உலர்த்தியையும் கடந்து வெளியேறுகிறது. சில டபிள்யூ220 வண்டிகளில் ஏர்மேட்டிக்குக்குப் பதிலாக, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஏபிசி அமைப்பு இருக்கும்; அதன் நோய்களும் வேறு, மருந்தும் வேறு என்பதால், எது இருக்கிறது என்பதை உறுதிசெய்த பிறகே மேற்கொண்டு படிக்கவும்.

இந்த வண்டி ஒர்க்ஷாப்புக்கு வந்ததும் பெரும்பாலும் முதலில் மாற்றப்படும் பொருள் கம்ப்ரஸர். வண்டி எழவில்லை, கம்ப்ரஸர் ஓடவில்லை அல்லது ஓடியும் பயனில்லை, ஆகவே கம்ப்ரஸர் போய்விட்டது என்ற முடிவு பார்வைக்குச் சரியாகவே தோன்றும். புதியதைப் பொருத்தியதும் வண்டி எழுந்தும் நிற்கும். சில மாதங்களில் அதுவும் கருகும்போதுதான், பழைய கம்ப்ரஸர் எதனால் செத்தது என்று யாருமே கேட்கவில்லை என்பது தெரியவரும். எங்கோ கசிகிற காற்றை ஈடுகட்ட ஒவ்வொரு காலையும் நீண்ட நேரம் ஓடி, பிஸ்டன் ரிங் தேய்ந்து, சூடேறிச் செத்திருக்கும் என்பதே பெரும்பாலான வண்டிகளின் கதை.

இதில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கண்ணியும் இருக்கிறது. உலர்த்திக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் தம் ஈரத்தை இழப்பது, வண்டி இறங்கும்போது திரும்பி வரும் உலர்ந்த காற்று அவற்றின் ஊடாகப் போவதால்தான். காற்றுப் பையிலோ குழாய் இணைப்பிலோ கசிவு இருந்தால், உள்ளே அடைக்கப்பட்ட காற்று உலர்த்தியின் பக்கம் திரும்பாமலேயே வெளியில் போய்விடுகிறது. உள்ளே வரும் காற்று ஈரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்க, அதை எடுத்துச் செல்லும் காற்றோ குறைந்துகொண்டே வருகிறது. சென்னை போன்ற கடலோர ஊரின் காற்றில் இந்த மணிகள் நிறைந்துபோக அதிக காலம் ஆகாது. பிறகு ஈரம் வால்வ் பிளாக்குக்குள் நுழைகிறது; மணிகள் உடைந்த வெண்பொடியும் கூடவே போய் வால்வ் மூடும்போது அமரும் இடத்தில் படிந்து, அங்கே இரண்டாவது கசிவை உண்டாக்குகிறது. ஒரு ஸ்ட்ரட்டில் தொடங்கிய கோளாறு இப்படித்தான் மூன்று பாகங்களின் கோளாறாக வளர்கிறது.

ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை ஒவ்வொரு மூலையிலும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தரையின் சரிவும் கணக்கில் கலந்துவிடும். மறுநாள் காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே அளந்துவிட வேண்டும் என்பது இதைவிட முக்கியம், ஏனென்றால் கதவைத் திறந்ததும் கட்டுப்பாட்டுக் கணினி விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கலாம். 1994-இல் வந்த பி38 வகை ரேஞ்ச் ரோவரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்: நிறுத்தி வைத்திருக்கும்போதே அதன் கணினி குறித்த இடைவெளியில் விழித்து, மிகத் தாழ்ந்த மூலைக்கு ஏற்ப மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் நான்கு பக்கமும் சமமாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவர் நான்கு பைகளும் போய்விட்டன என்று நினைப்பார். உண்மையில் கசிந்தது ஒன்றாக இருக்கும். எந்த வண்டியானாலும் சஸ்பென்ஷன் கணினிக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஓர் இரவு காத்திருந்தால், அந்தந்த மூலையின் உண்மை நிலை வெளிப்பட்டுவிடும்.

எது உட்காருகிறது என்பதோடு எவ்வளவு நேரத்தில் உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முன்பக்கம் ஒரே மூலை, நாள் தவறாமல், இரவு முழுவதும் மெல்ல மெல்ல இறங்கினால் அந்த ஸ்ட்ரட்டின் மீதோ அதன் மேல் முனையில் குழாய் இணையும் இடத்தின் மீதோ என் சந்தேகம் விழும். எஞ்சினை அணைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் இறங்கிவிட்டால் ரப்பர் நன்றாகவே கிழிந்திருக்கிறது. இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம், மறுநாள் ஒன்றுமே இல்லை என்று மாறி மாறி வந்தால் வால்வ் பிளாக்கைப் பார்க்க வேண்டும். அழுக்கு படிந்த வால்வ் ஒரு நாள் சரியாக மூடும், ஒரு நாள் மூடாது. நான்கு மூலைகளும் சிறிதளவு, ஏறத்தாழ ஒரே அளவில் இறங்கியிருந்தால், கசிவு என்று முடிவுகட்டும் முன் வெப்பநிலையைக் கேட்க வேண்டும். பகலில் 35 டிகிரியில் நிறுத்திய வண்டி இரவில் 15 டிகிரிக்குக் குளிர்ந்தால், பைகளுக்குள் இருக்கும் காற்றின் கன அளவு 6 முதல் 7 விழுக்காடு சுருங்கும். எடை மாறாததால் வண்டி அதற்கேற்பத் தாழ்ந்தே தீரும். இதற்காக யாரும் ஸ்ட்ரட் மாற்ற வேண்டியதில்லை.

வண்டி தாழ்ந்திருக்கிறது, ஆனால் மேலும் இறங்கவில்லை, வாரக்கணக்கில் அதே தாழ்விலேயே நிற்கிறது என்றால் காற்று எங்கும் போகவில்லை. கணினி அந்த உயரத்தைத்தான் சரியான உயரம் என்று நம்புகிறது. சென்சாரையும் அதன் சிறிய இணைப்புத் தண்டையும் பார்க்க வேண்டும். தண்டின் உருண்டை மூட்டு துருப்பிடித்து இறுகுவதும், வளைவதும், கழன்று தொங்குவதும் உண்டு. இங்கேதான் மூன்று சென்சார் என்ற கணக்கு பயன்படுகிறது. பின்பக்கத்தில் இடம் ஒரு உயரமும் வலம் ஒரு உயரமுமாக இருந்தால், அந்த வேறுபாட்டைச் சென்சாரின் தலையில் கட்ட முடியாது; இரண்டு பக்கத்துக்கும் இருப்பது ஒரே சென்சார். ஸ்ட்ரட், அதன் வால்வ், அல்லது இடவலச் சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பு ஆகியவற்றில் ஒன்றே காரணமாக இருக்க வேண்டும்.

மூலை தெரிந்துவிட்டால் சோப்பு நீர் போதும். பஞ்சர் கடையில் டியூபை நீரில் அமிழ்த்திப் பார்க்கும் அதே வேலையைத் தெளிப்பானால் செய்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அவசரம் கூடாது. ஓர் இரவெல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கும் கசிவு, நுரையாகத் தெரிய நேரம் பிடிக்கும். முன் ஸ்ட்ரட்டில் ரப்பர் மடிந்து உருளும் கீழ்ப்பகுதி தூசு உறைக்குள் மறைந்திருக்கிறது. வெடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் வரும், வெளியிலிருந்து பார்த்தால் புதிது போலவே தெரியும். மடிப்பில் உள்ள வெடிப்பு எல்லா உயரத்திலும் கசிவதில்லை. சாதாரண உயரத்தில் மூடிக்கொண்டு, உயர்த்தும் பொத்தானை அழுத்தியதும் திறந்துகொள்ளும் வெடிப்புகள் உண்டு. வேகத்தடைக்காகத் தினமும் வண்டியை உயர்த்தி ஓட்டுபவருக்கு ஒரு விதமாகவும், நெடுஞ்சாலையில் மட்டுமே ஓட்டுபவருக்கு வேறு விதமாகவும் இதே கோளாறு தெரிவது இதனால்தான். ஆகவே இரண்டு உயரத்திலும் தெளித்துப் பார்க்க வேண்டும்.

வால்வ் பிளாக்கின் வெளி இணைப்புகளையும் நுரை காட்டிவிடும். உள்ளுக்குள் கசிவதை அது காட்டாது. சந்தேகத்துக்குரிய மூலையின் குழாயை வால்வ் பிளாக்கிலிருந்து கழற்றி, அதன் முனையில் தக்க இணைப்பின் மூலம் ஒரு டயர் வால்வைப் பொருத்தி, வெளியிலிருந்து காற்றடித்து அந்த மூலையை உயர்த்திவிட்டு ஓர் இரவு விடுவது நான் அதிகம் நம்பும் சோதனை. இப்போது அந்த ஸ்ட்ரட்டுக்கும் வால்வ் பிளாக்குக்கும் தொடர்பே இல்லை. காலையில் இறங்கியிருந்தால் ஸ்ட்ரட்டோ குழாயோ கசிகிறது. அப்படியே நின்றால் வால்வ் பிளாக்கைக் கழற்றலாம். ஸ்ட்ரட்டின் விலையை நினைத்தால் இந்த ஓர் இரவு பெரிய செலவில்லை.

கணினிச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி ரீடர் இந்த அமைப்புக்குள் பெரும்பாலும் நுழையாது. மெர்சிடிஸின் சொந்தச் சோதனைக் கருவியான ஸ்டார் டயக்னாசிஸ் போன்ற ஒன்று தேவைப்படும். அதில் மிகப் பயனுள்ளவை பிழைக் குறியீடுகள் அல்ல, நேரடி அளவுகள்: சென்சார்கள் காட்டும் உயரம், அமைப்பின் அழுத்தம், கம்ப்ரஸரை ஓடவிட்டதும் அந்த அழுத்தம் ஏறும் வேகம். குறித்த நேரத்தில் வண்டி உயரவில்லை என்று குறியீடு சொல்லும். கம்ப்ரஸர் தளர்ந்ததாலா, காற்று வழியிலேயே போவதாலா என்று அது சொல்லாது. பேட்டரி தளர்ந்திருந்தாலும் இதே குறியீடுகள் வரக்கூடும், ஆகவே மின்னழுத்தத்தை முதலில் பார்ப்பது நல்லது. கம்ப்ரஸர் ஓடவே இல்லையென்றால் ஃபியூஸ், கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே, கம்ப்ரஸரின் முனைக்கு மின்சாரம் வருகிறதா என்ற வரிசையில் போகலாம். சாவியை எடுத்த பின்னும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். கருகிய கம்ப்ரஸரை மாற்றும்போது விலை குறைந்த அந்த ரிலேயையும் மாற்றாமல் விடுவது வீண் சிக்கனம்.

காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் அடியில் எந்தக் காரணத்துக்காகவும் தலையை நீட்டக் கூடாது. ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டும் வேண்டும். கருவிப் பலகையில் வண்டி மிகத் தாழ்வாக இருக்கிறது, நிறுத்து என்ற எச்சரிக்கை வந்தால் மெதுவாகப் போய்விடலாம் என்று எண்ணாமல் நிறுத்தி, பிளாட்பெட் லாரியை வரவழைக்க வேண்டும். காற்றில்லாத பையின் மேல் ஓட்டினால் டயர் மட்கார்டில் உரசும், நல்ல பையும் கிழியும். புதிய ஸ்ட்ரட்டைப் பொருத்திய பின், அதில் காற்றை நிரப்பாமல் வண்டியின் எடையை இறக்கினால் ரப்பர் தவறாக மடிந்து முதல் நாளே பழுதாகலாம்.

ஒரு பக்கம் ஸ்ட்ரட் போய்விட்டால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் வரும். அதே வயதும் அதே கிலோமீட்டரும் ஓடிய ரப்பர் என்பதால், பணம் அனுமதித்தால் அச்சுக்கு இரண்டாக மாற்றுவதே சரி என்பது என் கருத்து. இல்லையென்றால் ஒன்றை மாற்றிவிட்டு, மிச்சப் பணத்தில் உலர்த்தியின் மணிகளையும் ரிலேயையும் புதுப்பித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு இரும்புச் சுருள் போட்டுவிடலாம் என்ற யோசனையும் சொல்லப்படும். வண்டி நிற்கும், உட்காராது. ஆனால் வேகத்தடையில் உயர்த்தும் வசதியும், டிக்கி நிறையச் சாமான் ஏற்றினாலும் மட்டம் குறையாத நடையும் போய்விடும். கணினியை ஏமாற்ற ஒரு தனிப் பெட்டியும் பெரும்பாலும் தேவைப்படும். அதற்கு ஆகும் மொத்தச் செலவையும் எழுதிக்கொண்டு, இரண்டு முன் ஸ்ட்ரட்டுகளின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.