கத்திரியில் வீணை

ஏப்ரல் 22, செவ்வாய். காரைக்குடி

கத்திரி வெயிலுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. மெழுகு அதற்குள் இளக ஆரம்பித்துவிட்டது.

வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை விரல் அழுத்தும் உலோகக் கட்டைகளும், நிற்பது மெழுகில்தான்: தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகு. தேன்மெழுகு உருக 62 டிகிரி வேண்டும். இளக அவ்வளவு வேண்டாம், மத்தியான வெயில் விழும் ஜன்னலோரமே போதும். விரல் அதிகம் அழுத்தும் இடத்தில் மெட்டு மயிரிழை அமுங்கும், தந்தி அடுத்த மெட்டில் உரசி இரையும். வாசிப்பவர் தந்தியைச் சந்தேகப்பட்டுப் புதுசு போடுவார். இரைச்சல் அப்படியே இருக்கும்.

வீணைக்கு நல்ல இடம் முற்றத்து வெயில் எட்டாத உள்ளறை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாய்மேல் வைக்க வேண்டும். கதவு சாத்திய காரில் வீணையை விட்டுவிட்டுப் பந்தியில் உட்காருபவரை என்ன சொல்வது! வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 60-ஐத் தொடும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மேளம், அதாவது மெட்டுகளை வைத்த அமைப்பு, சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை. சுருதிப் பெட்டியோடு முதல் தந்தியான சாரணியைச் சேர்த்துக்கொண்டு, தந்தியின் நடுவில், 12-ஆம் மெட்டுக்கு நேர்மேலே, அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்ட வேண்டும். மேல் ஷட்ஜம் மணிபோல் வரும். பிறகு அதே மெட்டை அழுத்தி மீட்டினால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது சுருதி தூக்கலாகக் கேட்டால் அந்த மெட்டு, குடத்தின்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையின் பக்கம் தள்ளியிருக்கிறது. அந்த ஒரு மெட்டில் மட்டுமில்லாமல், மேலே போகப் போகத் தப்பு கூடிக்கொண்டே வந்தால் குற்றம் குதிரையில்.

குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் இழுவையில் நிற்கிறது. எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் நகர்ந்துவிடும். அதனால் ஒன்றைக் கழற்றி, மாட்டி, சுருதி ஏற்றிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். குதிரைக் கால் நிற்கும் இடத்தைக் குடத்தை மூடிய குடப்பலகையில் பென்சிலால் குறித்து வைத்தால் பிழைத்தோம்.

இன்னும் இரண்டு சோதனை: இரண்டாவதான பஞ்சமத் தந்தியின் 5-ஆம் மெட்டு திறந்த சாரணியோடு சேர வேண்டும். மூன்றாவதான மந்தரத் தந்தியின் 7-ஆம் மெட்டு திறந்த பஞ்சமத்தோடு சேர வேண்டும்.

ஒரு மெட்டுதானே என்று தலைமுடி உலர்த்தும் கருவியை எடுக்காதீர்கள். காற்று ஒரு மெட்டோடு நிற்காது, பக்கத்து நாலும் ஆடும்.

மே 4, ஞாயிறு. கத்திரி ஆரம்பம்

வரவு செலவு எழுதும் பேரேடு என்றால் இந்த ஊரில் விளக்கம் தேவையில்லை. தினசரி வாசிப்புப் பயிற்சியான சாதகத்துக்கும் ஒன்று போடலாம். தேதி, நிமிடம், வாசித்தது, இடறிய இடம்: நாலு பத்தி போதும். மாதக் கடைசியில் ஐந்தொகை, அதாவது இருப்புக் கணக்கு, எடுத்தால் கை எங்கே கடன்பட்டிருக்கிறது என்று தெரியும். “மனசு வந்தால் வாசிப்பேன்” என்பவர்களின் பேரேட்டில் வெற்றுப் பக்கம்தான் அதிகம் இருக்கும்.

விடியற்காலை 5 மணிக்கு 45 நிமிடம். சுருதி சேர்க்க 5, ஆரம்பப் பயிற்சிகளான சரளியும் ஜண்டையும் மூன்று வேகத்தில் 10, ஒரு வர்ணம் 10, இடறிய இடத்துக்கு 15, கடைசி 5 தாளமில்லாமல் மீட்டும் தானம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் உட்கார்ந்து மற்ற ஆறு நாளும் தொடாமலிருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

அந்த 15 நிமிடம்தான் உயிர். ஒரு ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு சுற்றை, மட்டும் பாதி வேகத்தில் எடுத்துத் தொடர்ந்து ஐந்து முறை தப்பில்லாமல் வர வேண்டும். நாலாவதில் தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. தப்பு பெரும்பாலும் சுவரத்தில் இருக்காது, ஒரு மெட்டிலிருந்து தூரத்து மெட்டுக்குக் கை தாவும் இடத்தில் இருக்கும். அந்த இரண்டு சுவரத்தை மட்டும் பிரித்து 20 தடவை போட்டுவிட்டுப் பிறகு கோர்க்க வேண்டும்.

மே 7, புதன்

இடது கை விரலுக்குத் தேங்காயெண்ணெய், பஞ்சில் தொட்ட அளவு. கூடினால் சுவரத்தை அசைக்கும் கமகத்தில் தந்தி வழுக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் மேலும் கீழும் துடைப்பது. வியர்வை எஃகை இரண்டே வாரத்தில் துரு ஏற்றும். வறண்ட காற்றில், தந்தியை முறுக்கும் பிரடை சுருங்கி வழுகினால் சாக்பீஸ் பொடி. ஐப்பசி மழையில் இதே பிரடை ஊறி அசைய மறுக்கும்.

மே 12, திங்கள். சித்ரா பௌர்ணமி

செட்டிநாட்டு வீட்டுக் கூடமான பட்டாலையில் ஒலிப்பதிவு. சுண்ணாம்பு மெருகுச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை: பாடினால் சுகமான இடம், வீணைக்கு எதிரி. நீண்டு ஒலிக்கும் கார்வையின் கடைசி முனகலில்தான் கமகம் இருக்கிறது, எதிரொலி அதை மூடிவிடும். இரண்டு ஜமக்காளத்தைக் கொடியில் தொங்கவிட்டு, அடியில் ஒன்றை விரித்தால் பாதிக் குறை தீரும். மைக்ரோபோன் குடத்திலிருந்து ஒன்றரை அடி, குதிரையைப் பார்த்து, சற்றுச் சரிவாக. நேர் எதிரே வைத்தால் நகம் தந்தியில் படும் சத்தமே முன்னால் வரும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும். தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும்.

மின்விசிறியை நிறுத்தினால் தந்தி சூடேறிச் சுருதி இறங்கும். நிறுத்திக் கால் மணி கழித்து, மறுபடி சேர்த்த பிறகே பதிவு.

மே 18, ஞாயிறு

கோடை வகுப்பு நடக்கும் மாதம். எடுப்பவரின் கை கெடுவதும் இந்த மாதத்தில்தான். ஆறு மணி நேரம் மற்றவர்களுக்கு சரளி வாசித்துக் காட்டியதைச் சாதகக் கணக்கில் எழுதக் கூடாது, அது செலவு. வகுப்பில் நாலு வீணைக்கு மேல் வேண்டாம். சுருதி சேர்க்கவே வகுப்பு முடிந்துவிடும்.

வரவேற்புக்கு வாசிக்கக் கூப்பிட்டால் தொகை பேசும்போதே வீணைக்கு ஒரு இருக்கை, தந்திச் செலவு, மேடையில் சுருதி சேர்க்க அரை மணி, மூன்றையும் சொல்லிவிட வேண்டும். பிறகு கேட்டால் சண்டை.

வாசிக்கும் பாடல்களான உருப்படிகளையும் சுற்றில் வைக்க வேண்டும். இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் என்று சொல்லப்படும் ராமானுஜ ஐயங்காரின் அரியக்குடி இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த முறைப்படியே ஒரு வர்ணம், ஆறு கீர்த்தனை, ஒரு ராகம் தானம், மூன்று சின்னத் துக்கடா என்று கையில் நிற்கட்டும். மாதம் ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றினால் போதும்.

மே 29, வியாழன்

கத்திரி நேற்றோடு முடிந்தது. 12-ஆம் மெட்டு சோதனை: தொட்டதும் அழுத்தியதும் சேர்கின்றன. ஆனால் 5, 7, 9 மூன்றும் சாரணிப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. மேளம் புதுசாக வைக்கத் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டியதுதான். அனுப்புமுன் ஏழு தந்தியையும் இரண்டு சுவரம் இறக்கி, குதிரை நகராதபடி துணி சுற்றி, தண்டின் கீழுள்ள சுரைக்காயைக் கழற்றித் தனியாகக் கட்டி, எந்தச் சுருதிக்கு மேளம் வேண்டும் என்று சீட்டில் எழுதிக் குடத்தில் ஒட்டியாயிற்று. காலை 6 மணி வண்டி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரும்.